ஜோடி வண்டி

டிங்கருக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் வேலையில் முப்பது வருடத்தை ஓட்டியவர். அதனாலோ என்னவோ, வீட்டிலோ தெருவிலோ எது கோணலாகத் தெரிந்தாலும் தட்டித்தான் நிமிர்த்த வேண்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பெயின்ட் சொட்டி வழிந்ததற்காகப் பெயின்டரை அடித்திருக்கிறார். கைகாட்டியும் நிற்காத பஸ்ஸை அடுத்த நிறுத்தம் வரை துரத்திப் போய் டிரைவரை இறக்கி அடித்திருக்கிறார். ஒருமுறை, தட்டிக்கொண்டிருந்த கார்க் கதவு விரலை நசுக்கிவிட்டது என்று அந்தக் கதவைக் கழற்றிக் கீழே போட்டு, அது கதவா தட்டா என்று தெரியாமல் போகும்வரை அடித்தார். இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் யாரும் அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் நின்றதில்லை.

அவர் அடித்தவர்களில் மருமகனும் உண்டு. நாலு வருடத்துக்கு முன்னால் அந்த ஆள் வெறும் கணக்கு வாத்தியார். மடிப்புக் கலையாத சட்டையோடு, டிங்கர் வேலை செய்யும் பழைய கார் யார்டுக்கே வந்து, "உங்க பொண்ணக் கல்யாணம் பண்ணிக்க ஆசப்படறேன்" என்று சொன்னார். டிங்கர் ஓங்கி ஓர் அறை விட்டார். வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி பறந்து கிரீஸ் வாளிக்குள் விழுந்தது. யார்டு முழுக்கக் கைதட்டிச் சிரித்தது. வாத்தியார் வாளிக்குள் கையை விட்டுக் கண்ணாடியை எடுத்து, துடைக்காமலே போட்டுக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் மகள் வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றாள். அழவில்லை. "அவரத்தான் கட்டிக்கப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி" என்றாள். டிங்கர் போனார். போகாமல் என்ன செய்வார்? ஆறு வயதில் தாயை இழந்த பெண். அன்றிலிருந்து அவர் சமைத்ததைச் சாப்பிட்டு, அவர் பின்னிய கோணல் சடையோடு பள்ளிக்கூடம் போனவள். ஊரையே அடித்த அந்தக் கை அவள் மேல் மட்டும் ஒரு நாளும் பட்டதில்லை. "எங்கப்பா தொட்டா நொறுங்கின வண்டிகூடப் புதுசாயிடும்" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். டிங்கருக்கு அதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்ததில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரும் மருமகனும் மரியாதையாக இருந்தார்கள், கை எட்டாத தூரத்தில். இந்த நிலையில்தான் மூன்று மாதத்துக்கு முன்னால் வாத்தியாரே போன் செய்தார். மகளுக்குப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போய் வர வேண்டும், பழைய கார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன், எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று கேட்டார். டிங்கர் குளிர்ந்து போனார். மருமகன் தன்னிடம் முதல்முறையாக ஒன்றைக் கேட்கிறாரே!

"மாப்ளை, எழுதிக்குங்க. வெயில்ல போய்ப் பாருங்க, மழ நேரத்துல பாக்காதீங்க. தண்ணி பட்டா எல்லா வண்டியும் பளபளன்னுதான் இருக்கும். போனதும் பானட்ட தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான், காலைல அது லேசுல கிளம்பாதுன்னு அர்த்தம். மீட்டர நம்பாதீங்க, பிரேக் மிதில இருக்கற ரப்பரப் பாருங்க. மீட்டர் கம்மியா ஓடியிருக்கு, ரப்பர் தேஞ்சிருக்குன்னா எந்திரிச்சு வந்துடுங்க. இன்ஜின் எண்ணெ மூடியத் திறந்தா உள்ள வெள்ள நுரை இருக்கக் கூடாது."

"சொல்லுங்க மாமா, எழுதிக்கிட்டே இருக்கேன்."

"கடைசியா, முக்கியமானது. ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. உடம்பு முழுக்க வச்சுப் பாருங்க. எங்கயாச்சும் வழுக்கினா அங்க பட்டி அப்பியிருக்கான், அடி வாங்கின வண்டி. எல்லா இடத்துலயும் ஒட்டுச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க."

சொல்லும்போது தன்னுடைய வேலை டிங்கரின் நினைவுக்கே வரவில்லை என்பதுதான் இந்தக் கதையின் கொடுமை. அவர் மனத்தில் இருந்தவர்கள் எல்லாம் அரைகுறை வேலைக்காரர்கள். ஓட்டையில் பட்டியை அப்பி மேலே பெயின்ட் அடித்து ஊரை ஏமாற்றும் கூட்டம். தான் அந்தச் சேர்த்தி இல்லை என்று அவர் சத்தியமாக நம்பினார். 

அவர் செய்த வேலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பக்கம் லாரியில் மோதி நொறுங்கிய ஒரு கார் யார்டுக்கு வரும். பின்பக்கம் நொறுங்கிய இன்னொன்றும் வரும். இரண்டையும் குறுக்கே அறுத்து, நல்ல முன்பாதியையும் நல்ல பின்பாதியையும் நடுவில் பற்றவைத்தால் ஒரு முழு கார். யார்டில் அதற்கு ஜோடி வண்டி என்று பெயர். "என்ன டிங்கரே, கல்யாணம் முடிஞ்சுதா?" என்று முதலாளி கேட்டால், ஒட்டு முடிந்ததா என்று அர்த்தம். டிங்கர் பற்றவைத்த இடத்தில் பட்டி அப்ப மாட்டார். மெல்லிய தகரப் பட்டையை வைத்துப் பற்றவைத்து, ராவி, விரலால் தடவித் தடவிச் சமன் செய்வார். காந்தம் எங்கே வைத்தாலும் டக்கென்று ஒட்டும். "சுவத்துல மோதினா இது ரெண்டா போயிடும், முதலாளி" என்று ஆரம்பத்தில் ஒருநாள் சொன்னார். "மோத வேணாம்னு சொல்லிடுவோம்" என்றார் முதலாளி. யார்டு சிரித்தது. டிங்கரும் சிரித்தார். ஜோடி வண்டியை முதலாளி உள்ளூரில் விற்க மாட்டார், தூர ஊர்களுக்கு அனுப்பிவிடுவார். தூரம் போனது எதுவும் டிங்கரின் தூக்கத்தைக் கெடுத்ததில்லை.

அறை வாங்கிய யார்டின் வாசலை வாத்தியார் மிதிப்பாரா? அவரும் தூர ஊருக்குத்தான் போய்ப் பார்த்து வாங்கி வந்தார். மகள் வேலையில் சேரும் நாள் காலை, வண்டியை வந்து பாருங்கள் என்று டிங்கரை அழைத்தார்கள்.

காலை ஏழரை மணி. வாசலில் சாம்பல் நிற கார் துடைத்து நின்றது. டிங்கர் தன் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினார். மகள் புது வேலையின் வெள்ளைச் சீருடையில் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "எப்படி இருக்குப்பா?"

"ஜோரா இருக்கு" என்றார் டிங்கர். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானட்டைத் திறந்து மூடினார். டயரை உதைத்தார். பின் கதவைத் திறந்தவர், பழக்கதோஷத்தில், கதவைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையை நகத்தால் நெம்பி இழுத்துப் பார்த்தார். தகரத்தில் வரிசையாக மூன்று புள்ளிகள் இருந்தன.

மூன்று புள்ளிகள் அவருடையவை. இரண்டு பாதியையும் சேர்க்கும்போது மயிரிழைகூட விலகக்கூடாது என்று உளியால் அடையாளம் வைப்பார். வேலை முடிந்ததும் ராவி அழித்துவிடலாம், ஆனால் அழிக்க மாட்டார். இது என் கைவேலை என்பதற்கு எங்கேயாவது ஒரு சாட்சி வேண்டாமா என்று ரப்பருக்குள் விட்டுவைப்பார். உலகத்தில் வேறு எவனும் அப்படிப் புள்ளி வைப்பதில்லை.

டிங்கர் ரப்பரை அழுத்திப் பழையபடி மூடினார். மகள் முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சாண் பின்னால் அந்த ஒட்டு ஓடுகிறது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி சும்மா உரசினால்கூடப் போதும்.

"மாப்ளை, இந்த வண்டி இன்னைக்கு வேணாம்."

"ஏன் மாமா?"

"இன்ஜின் சத்தம் சரியில்ல."

வாத்தியார் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "மூணு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய்க் கேக்க வச்சேன். மூணு பேரும் சுத்தமா இருக்குன்னாங்க."

"பிரேக்கு?"

"புதுசு. ரப்பர் தேயல, மீட்டரோட ஒத்துப்போகுது. பக்கம் நாலுல இருக்கு. எண்ணெ மூடில நுரை இல்ல. போனப்போ பானட் ஜில்லுனு இருந்துச்சு. நல்ல வெயில்ல பாத்தேன். நீங்க சொன்னதுல ஒண்ணு விடல மாமா." சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். கூரையில் வைத்தார், டக். கதவில் வைத்தார், டக். நடுத் தூணில், மூன்று புள்ளிக்கு நேர் மேலே வைத்தார். டக்.

"கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று வாத்தியார் சிரித்தார்.

"அப்பா, மூணு மாசமா இவரு தூங்கறப்பகூட அந்தக் காந்தத்தக் கைல வச்சிருந்தாரு" என்று மகளும் சிரித்தாள்.

"சொன்னாக் கேளுங்க. இன்னைக்கு பஸ்ல போகட்டும்" என்றார் டிங்கர். குரல் ஏறிவிட்டது. வாத்தியாரின் சிரிப்பு நின்றது.

"உங்களுக்கு என்னப் புடிக்கலன்னா என்னச் சொல்லுங்க மாமா. வண்டியக் குத்தம் சொல்லாதீங்க."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் ஒட்டினேன்.' இரண்டே சொல். டிங்கர் வாயைத் திறந்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அந்த முகத்தில் இருபத்தாறு வருடமாக இருந்த ஒன்று, அந்த இரண்டு சொல்லோடு போய்விடும். பைத்தியக்காரன் என்று சொல்லட்டும், மருமகன் மேல் வஞ்சம் என்று சொல்லட்டும், அதெல்லாம் அவருக்குப் பழகியதுதான். இது மட்டும் வேண்டாம்.

"சாப்பாட்டுப் பைய எடுத்துட்டு வந்துடறேன், மணியாச்சு" என்று மகள் இறங்கி உள்ளே போனாள்.

டிங்கர் மொபெட்டின் பெட்டியைத் திறந்தார். சம்மட்டி உள்ளே இருந்தது. அவர் போகிற இடமெல்லாம் கூடவே வருவது. எடுத்துக்கொண்டு வந்து முன்கண்ணாடியில் இறக்கினார்.

கண்ணாடி வெள்ளையாகப் பொரிந்தது. இரண்டாவது அடியில் உள்ளே சரிந்து இருக்கையெல்லாம் கொட்டியது. மூன்றாவது அடி பானட்டில். நான்காவதில் விளக்கு போயிற்று. வாத்தியார் நின்ற இடத்திலேயே நின்றார். வாய் மட்டும் "மாமா, மாமா" என்றது. எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு அதே வேகத்தில் சாத்தினாள். டிங்கர் கதவுக்குப் போனார். தான் எத்தனை நாள் தடவித் தடவிச் சமன் செய்த தகரம் என்று கைக்குத் தெரிந்தது. தெரியத் தெரிய இன்னும் ஓங்கி அடித்தார். கதவு உள்வாங்கியது. பக்கவாட்டுக் கண்ணாடி பிய்ந்து தெருவில் உருண்டது. அடிக்க அடிக்க வெறி ஏறியது. எதை அடிக்கிறோம், எதற்கு அடிக்கிறோம் என்பதெல்லாம் போய், அடி மட்டும் மிஞ்சியது.

வாத்தியார் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். டிங்கர் முழங்கையால் ஒன்று விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் சாக்கடை ஓரத்தில் போய் விழுந்தார். மூக்குக்கண்ணாடி இந்தமுறையும் பறந்தது. விழுந்தவர் எழுந்தபோது அவர் வாத்தியாராக இல்லை. டிக்கியைத் திறந்து சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்தார். நாலு வருடமாக மரியாதையாக மடித்து வைத்திருந்ததெல்லாம் அந்தக் கையில் இருந்தது.

முதல் வீச்சு டிங்கரின் தோளில் விழுந்தது. சம்மட்டி நழுவியது. இரண்டாவது வீச்சு புருவத்துக்கு மேலே. தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. டிங்கர் குனிந்து, பார்வை தெரியாத பக்கத்திலிருந்தே, மருமகனின் கழுத்தைப் பிடித்துக் கார் மேல் அழுத்தினார். வாத்தியார் அவர் முகத்தில் முட்டினார், கடித்தார், உதைத்தார். இதற்கு முன் யாரையும் அடித்திராத மனிதர், எங்கே அடிக்கக் கூடாது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் அடித்தார். இருவரும் கண்ணாடித் துண்டுகளின் மேல் உருண்டார்கள்.

"என்ன சொன்னேன்னு அடிக்கறீங்க? அன்னைக்கும் என்ன தப்பா சொன்னேன்?" என்று வாத்தியார் கத்தினார். குரல் உடைந்து அழுகையாக வந்தது. அழுதுகொண்டே குத்தினார்.

"விடுங்க! ரெண்டு பேரும் விடுங்க!"

மகள் சாப்பாட்டுப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நடுவில் விழுந்தாள். ஓங்கிய ஸ்பேனர் அவள் தலைக்கு மேல் நின்றது. வாத்தியார் அதைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையையே பார்த்தார்.

அவள் நர்ஸ். அழுவதையும் கேட்பதையும் அப்புறம் வைத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பையிலிருந்த துண்டை மடித்து அப்பாவின் நெற்றியில் அழுத்தினாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். "எலும்பு தெரியுது. தையல் போடணும். வண்டில ஏறுங்க."

"வேணாம்மா."

"ஏன் உடைச்சீங்கன்னு நான் இப்ப கேக்கல. ஏறுங்க."

"பஸ்ல போயிக்கறேன்."

"ரத்தம் நிக்கல! பஸ்ஸாம் பஸ்ஸு!" அவள் நசுங்கிய கதவைப் பலமாக இழுத்துத் திறந்தாள், இருக்கையில் இருந்த கண்ணாடித் துண்டுகளைப் பையால் துடைத்துத் தள்ளினாள், உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பில் கிளம்பியது. அத்தனை அடி அடித்தும் இன்ஜினை டிங்கர் தொடவே இல்லை. முப்பது வருடமாகத் தகரத்தோடு மட்டுமே சண்டை போட்டவருக்கு வேறு இடத்தில் அடிக்கத் தோன்றவில்லை.

"முன்னாடி கண்ணாடி இல்ல, எப்படி ஓட்டுவ?" என்று வாத்தியார் ஈனக் குரலில் கேட்டார்.

"கண்ணத் திறந்துக்கிட்டுத்தான். இந்த ஊர் ஆஸ்பத்திரிதான், மெயின் ரோட்டுல பத்து நிமிஷம். ஏறுங்கப்பா, இல்லன்னா நானே எறங்கித் தூக்கிப் போடுவேன்." கியரைப் போட்டாள். கார் நகர்ந்தது.

டிங்கர் அதன் முன்னால் போய் நின்றார். நசுங்கிய பானட்டில் இரண்டு கையையும் ஊன்றினார். நெற்றி ரத்தம் சொட்டுச் சொட்டாக அந்தச் சாம்பல் பெயின்டில் விழுந்தது.

"எறங்கும்மா. உன் கால்ல விழறேன், எறங்கு."

"ஏன்?"

"இது ஒரு வண்டி இல்லம்மா. ரெண்டு. நான்தான் ஒட்டினேன்."

மகளுக்குப் புரியவில்லை. புரியாத முகத்தோடே இன்ஜினை அணைத்தாள். அப்பா ஒருவரிடம் கெஞ்சுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். இறங்கினாள்.

வாத்தியார் நம்பவில்லை. "பொய். தப்பிக்கறதுக்கு ஏதோ சொல்றாரு. காந்தம் ஒட்டுது, நீயும் பாத்தல்ல?"

டிங்கர் சம்மட்டியை எடுத்தார். பின் கதவைத் திறந்து, தரை விரிப்பைப் பிடித்துக் கிழித்து எறிந்தார். கதவுக்குக் கீழே, காலை வைத்து ஏறும் விளிம்பில், ஓர் இடத்தைக் கட்டை விரலால் தேடினார். பிறகு அடித்தார். இது முன்பு அடித்த அடி இல்லை, தெரிந்த கை தெரிந்த இடத்தில் அடிக்கும் அடி. மூன்றாவதில் பெயின்ட் கோடாக விரிந்தது. ஐந்தாவதில் தகரப் பட்டை வாயைப் பிளந்தது. எட்டாவதில் விளிம்பு இரண்டாக விட்டு, நடுவில் தெருவின் மண் தெரிந்தது. பிளவின் ஒரு பக்கம், சாம்பல் பெயின்டுக்கு அடியில், நல்ல சிவப்பு. மறுபக்கம் சாம்பலுக்கு அடியிலும் சாம்பல்.

மகள் துண்டை எடுத்து வந்து மறுபடி அப்பாவின் நெற்றியில் அழுத்தினாள். வாத்தியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். கை பழக்கத்தில் காந்தத்தை எடுத்துப் பிளந்த தகரத்தில் வைத்தது. ஒட்டியது.

"அப்ப எதுக்கு இத வச்சுப் பாக்கச் சொன்னீங்க?"

"அது மத்தவன் வேலையக் கண்டுபுடிக்க, மாப்ளை. என் வேலையக் காந்தத்தால கண்டுபுடிக்க முடியாது."

ரத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் இடையில், அந்தக் கடைசி வார்த்தைகளில் ஒரு துளி பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது. டிங்கருக்கே அது தெரியாது. மகளுக்குக் கேட்டுவிட்டது. அவர் நெற்றியில் துண்டை அழுத்தியிருந்த கையை எடுத்தாள்.

"நீங்களே புடிச்சுக்கங்க" என்றாள். டிங்கர் பிடித்துக்கொண்டார்.

"இந்த மாதிரி எத்தன?"

"என்னம்மா?"

"எத்தன வண்டி ஒட்டினீங்க?"

டிங்கர் தலையைக் குனிந்தார். "பதினொண்ணு. இதோட."

"மத்த பத்தும் எங்க?"

"தெரியாது. தூர ஊருக்கு அனுப்பிடுவாங்க."

"யாரு ஓட்டறாங்க?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அப்போது தெருமுனையில் போலீஸ் பைக் திரும்பியது. தையல்காரம்மா ஜன்னலைச் சாத்தியதும் செய்த முதல் வேலை போலீஸுக்கு போன் போட்டதுதான். போலீஸ்காரர் இறங்கி, நொறுங்கிய காரையும் கிழிந்த சட்டைகளையும் ஒரு பார்வை பார்த்தார். இதைப்போல் வாரத்துக்கு நாலு பார்க்கிற சலிப்பு முகத்தில் இருந்தது. "யாரு அடிச்சது? யாருக்குப் புகார்?"

வாத்தியார் கையை ஊன்றி எழுந்தார். உதடு வீங்கிப் பேச்சு குழறியது. "புகார் எதுவும் இல்ல சார். குடும்ப விஷயம். இவர் என் மாமனார்." இந்த மனிதருக்கு அந்த நேரத்திலும் அப்படிச் சொல்ல வாய் வந்ததே என்று டிங்கர் அவரை நிமிர்ந்து பார்த்தார். நாலு வருடத்தில் முதல்முறையாக அவருக்கு மருமகனின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"சரி, அடிச்சுக்கிட்டீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று போலீஸ்காரர் நோட்டை மூடினார்.

"சார், நான் குடுக்கறேன் புகார்" என்றாள் மகள்.

"நீங்க?"

"இவர் பொண்ணு."

"அம்மா, வேணாம்மா" என்றார் டிங்கர். அடிபட்டபோது வராத சத்தம் அவரிடமிருந்து வந்தது. "உன் வண்டியத்தான் உடைச்சுட்டேனே. உனக்கு ஒண்ணும் ஆகலயே. போதும்மா. என்ன உள்ள வச்சுடுவாங்க."

"இந்த வண்டிக்கு இல்லப்பா. மத்த பத்துக்கு." அவள் அழ ஆரம்பித்திருந்தாள், ஆனால் நிறுத்தவில்லை. "இன்னைக்கு நான் வேலைக்குப் போய்ச் சேர்றேன். அந்த பத்து வண்டில எதாவது ஒண்ணுல வந்தவங்கள ஸ்ட்ரெச்சர்ல கொண்டுவந்து எம்முன்னாடி எறக்குவாங்க. நான் அவங்க மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? எங்கப்பா தொட்ட வண்டின்னு சொல்லவா?"

டிங்கர் அவளைப் பார்த்தார். சீருடையில், இடுப்புப் பக்கம், அவருடைய ரத்தக் கறை கை அகலத்துக்கு இருந்தது. அவர் வாழ்நாளில் வாங்கிய அடிகளையும் கொடுத்த அடிகளையும் சேர்த்து வைத்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. திருப்பி அடிக்க ஆள் இல்லாத அடி. முதலாளியைச் சொல்லலாம், யார்டைச் சொல்லலாம். ஆனால் உளியை வைத்துப் புள்ளி போட்ட கை அவருடையது.

போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டைத் திரும்பத் திறந்தார். "என்ன பத்து வண்டி? யாராச்சும் ஒழுங்காச் சொல்லுங்க."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாத்தியார் உடைந்த கார் விளிம்பில் அவருக்கு உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தார். டிங்கர் உட்கார்ந்தார். துண்டை மறு பக்கம் திருப்பி நெற்றியில் வைத்தார். யார் ஓட்டுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு ஒட்டும் அவர் விரலுக்குத் தெரியும்.

"எழுதிக்குங்க" என்றார். "முதல் வண்டி வெள்ளை. பின்பாதி மட்டும் முன்ன நீலமா இருந்துச்சு. அதுல குழந்தைங்க உக்கார்ற சீட்டு ஒண்ணு இருந்துச்சு, நான்தான் கழட்டி வெளிய போட்டேன்."